வராது என்று சொன்ன சொல்

எங்கள் பல் பட்டறையில் எனக்குப் பெயர் மேல்வரிசை. அவளுக்குப் பெயர் கீழ்வரிசை. இரண்டும் முதலாளி வைத்த பெயர்கள். பல் மருத்துவர்கள் வாய்க்குள் அளவெடுத்து அனுப்புவார்கள். நாங்கள் மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, முழுப் பல்செட்டாகச் செய்து திருப்பி அனுப்புவோம். மற்ற பட்டறைகளில் ஒரே ஆள் மேலும் கீழும் சேர்த்துச் செய்வார். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த நாளில் இரண்டு பேருமே கற்றுக்குட்டிகள். ஆளுக்குப் பாதி கொடுத்தால் பாதிதான் கெடும் என்று முதலாளி நினைத்தார். பதினெட்டு வருடம் ஆகியும் அந்த ஏற்பாட்டை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

மேலும் கீழும் தயாரானதும் நடுவில் ஒரு நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்க விடுவோம். எங்கே அதிகமாக இடிக்கிறதோ அங்கே நீலம் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும். யார் பல்லைத் தேய்ப்பது என்பதில்தான் எங்களுடைய தினசரிச் சண்டை. என் பல்லில் கை வைத்தால் எனக்குப் பொறுக்காது. அவளும் லேசில் விடமாட்டாள். "உன் பல்லுதான் தொங்குது" என்பாள். "உன் பல்லுதான் எம்புது" என்பேன். முதலாளி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரேடியோ சத்தத்தைக் கூட்டிக்கொள்வார்.

எனக்குக் கோபம் மூக்கின்மேல் இருக்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவளோடு பதினெட்டு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் வராது? அவளுக்குக் கை நீளம். என் மெழுகுக் கத்தி எப்போதும் அவள் கையில் இருக்கும். அவள் கத்தி எங்கே என்று கேட்டால், "அது அவ்வளவு நல்லா இல்ல" என்பாள். மழை பெய்தால் என் குடை முதலில் கிளம்பிப் போய்விடும். நான் குளிருக்குக் கொண்டுவந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு உனக்குக் குளிராது" என்று எனக்கே சொல்வாள். எங்கள் குடியிருப்பில் எனக்கு நேர் கீழ் வீடு அவளுடையது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று என் வீட்டுச் சாவி ஒன்றை அவளிடம் கொடுத்துவைத்தேன். அவளுக்குத் தினமும் அவசரம். இஸ்திரிப்பெட்டி, கத்தரிக்கோல், ஒருமுறை படுக்கை விரிப்பு. 'எடுத்துக்கட்டுமா' என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அவள் கேட்டதில்லை.

"திருடி" என்றுதான் நான் கூப்பிடுவேன். "என்ன?" என்று திரும்பிப் பார்ப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பட்டறைக்குப் புது விதி வந்தது. பல் செய்யும் மேசையில் உட்காருகிறவர்கள் எல்லோரும் பள்ளி இறுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டறைக்கு உரிமம் புதுப்பிக்க மாட்டார்கள். நான் பதினோரு வருடம் படித்துத் தேறியவள். அவள் எட்டோடு நின்றவள். முதலாளி எங்களைக் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் என்னம்மா பண்றது, சட்டம் அப்படிச் சொல்லுது. தேறிட்டா பிரச்சினை இல்ல. இல்லன்னா பேக்கிங் ரூம்ல உக்காரலாம். வேலை போகாது."

பேக்கிங் அறை என்றால் பின்பக்கத்தில் ஜன்னல் இல்லாத அறை. பல்செட்டைப் பஞ்சில் சுற்றி, பெட்டியில் வைத்து, பெயர் ஒட்ட வேண்டும். பதினெட்டு வருடம் பல் நட்ட கை அங்கே பசை தடவிக்கொண்டிருக்கும். அவள் முகத்தில் ஈயாடவில்லை. என் நிலையும் அதுதான், ஆனால் நான் காட்டிக்கொள்ளவில்லை.

அவள் ஐம்பத்திரண்டு வயதில் தேர்வெழுதினாள். கணக்கில் தேறினாள். அறிவியலில் நல்ல மதிப்பெண். மொழித்தாளில் மட்டும் கவிழ்ந்தாள். முப்பத்தைந்து வேண்டும், முப்பத்தொன்றுதான் கிடைத்தது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது. அதையும் விட்டால் புது விதி அமலுக்கு வந்துவிடும்.

விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தேன். கட்டுரை பரவாயில்லை, கடிதமும் பரவாயில்லை. 'பின்வரும் சொற்களைப் பொருத்தமான வாக்கியத்தில் அமைத்து எழுதுக' என்று ஒரு கேள்வி. ஐந்து சொற்கள், சொல்லுக்கு இரண்டு மதிப்பெண். பத்துக்கு அவள் வாங்கியது பூஜ்யம். முதல் சொல்லுக்கு இப்படி எழுதியிருந்தாள்: 'மெத்தனம் என்ற சொல்லை நான் நேற்றுப் படித்தேன்.' இரண்டாவது: 'இறுமாப்பு என்ற சொல்லை நான் நேற்றுப் படித்தேன்.' ஐந்துக்கும் அதே வாக்கியம்தான்.

தலையில் அடித்துக்கொண்டேன்.

"இதுல தப்பு எங்க இருக்கு, காட்டு" என்றாள்.

"தப்பு இல்ல. ஆனா இதுக்கு மார்க் கிடைக்காது."

"தப்பு இல்லன்னா ஏன் கிடைக்காது? நம்ம வேலையில தப்பு இல்லாத பல்லைத் திருப்பி அனுப்புவாங்களா?"

"அந்தச் சொல்லோட அர்த்தம் உனக்குத் தெரியும்னு அந்த வாக்கியத்துல தெரியணும்."

"அர்த்தம் தெரியாததாலதானே இப்படி எழுதினேன்" என்றாள்.

தேர்வு அலுவலகம் இருநூறு சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தது. அதிலிருந்துதான் ஐந்து கேட்பார்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு நாளைக்குப் பத்துச் சொல் என்று ஆரம்பித்தோம். இதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்பது என் எண்ணம். பள்ளியில் மொழிப்பாடத்தில் முதல் பரிசு வாங்கியவள் நான். பரிசாகக் கொடுத்த தடித்த அகராதியை நீல அட்டை போட்டு இன்னும் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில்கூட ஒரு மடிப்போ கறையோ கிடையாது. முதல் பக்கத்தில் தலைமையாசிரியரின் கையெழுத்து இருக்கிறது. இதை அவளிடம் பதினெட்டு வருடத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

பாடம் நான் நினைத்த மாதிரி போகவில்லை. 'இறுமாப்பு'க்கு அர்த்தம் சொல்லி, வாக்கியம் சொல்லு என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள்.

"முன்பல் ரெண்டும் மத்த பல்லை மதிக்காம இறுமாப்போட முன்னால வந்து நின்னுச்சு."

"பல்லு வேண்டாம். வேற சொல்லு."

"ஏன், தப்பா?"

தப்பு இல்லை. அடுத்த சொல் கொடுத்தேன். 'மெத்தனம்.'

"மெத்தனமா மெருகு போட்டா, கண்ணு ஏமாந்தாலும் நாக்கு கண்டுபிடிச்சிடும்."

'இங்கிதம்.'

"இங்கிதம் தெரிஞ்சவங்க கழட்டின பல்செட்டைச் சாப்பாட்டு மேசையில வைக்க மாட்டாங்க."

'எக்களிப்பு.'

"புதுப் பல்செட் மாட்டின அன்னிக்கு அந்தத் தாத்தா எக்களிப்பில பேரன் கன்னத்தைக் கடிச்சிட்டார்."

"எல்லாத்துலயும் பல்லா? திருத்தறவங்க என்ன நினைப்பாங்க?" என்று கத்தினேன்.

"எனக்குத் தெரிஞ்சது பல்லுதானே. தெரியாத சொல்லையும் தெரியாத விஷயத்தையும் ஒண்ணா வச்சா நான் எங்க போவேன்? ஒரு பக்கமாவது கால் ஊனணும்ல?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி ரேடியோவை நிறுத்திவிட்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சிரித்ததை நான் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் சிரிப்பு வந்தது. நான் பள்ளியில் எழுதிய வாக்கியங்கள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன. 'இறுமாப்பு மனிதனுக்கு அழகன்று.' 'மெத்தனம் கூடாது.' முதல் பரிசு வாங்கிய வாக்கியங்கள் அவை. அவளுடைய முன்பல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் என்னுடையவை செத்துக் கிடந்தன. அதை அவளிடம் சொல்லவில்லை. "பரவாயில்ல, அடுத்தது" என்று மட்டும் சொன்னேன்.

தேர்வுக்கு ஆறு நாள் இருக்கும்போது நூற்றுநாற்பத்து மூன்றாவது சொல்லுக்கு வந்தோம். அன்று மதியம் வேலை நெருக்கியதால் மாலை டீ நேரத்தில்தான் பாடம். மேசையில் ஸ்பிரிட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் பட்டியலில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"கெழு... தகைமை. கெழுதகைமை. அப்படின்னா?"

அந்தச் சொல்லை நான் அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறேன். தகைமை என்றால் தகுதி, பெருமை என்று ஏதோ தெரியும். கெழு என்றால்? கெழுத்தி மீன் ஞாபகத்துக்கு வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'தெரியவில்லை, வீட்டில் பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். அதில் என்ன குறைந்துவிடும்? ஆனால் பதினெட்டு வருடமாக முதல் பரிசைப் பற்றிப் பேசிய வாய்க்கு அது வரவில்லை.

"இதெல்லாம் வராது" என்றேன். "பட்டியலை நீட்டறதுக்காகப் போட்டிருக்காங்க. அடுத்ததைப் பாரு."

"வராதுன்னு எப்படித் தெரியும்?"

"இத்தனை வருஷம் படிச்சவளுக்குத் தெரியாதா?"

"நிச்சயமா?"

"நிச்சயமா" என்று சொல்லிவிட்டு, கைக்கு எட்டிய டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன். தொண்டை சுட்டது. அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த சொல்லைப் படிக்க ஆரம்பித்தாள்.

அந்தக் கோடு எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று மாலை கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் அலமாரிக்குப் போனேன். அர்த்தத்தைப் பார்த்துவிட்டால், நாளைக்கு ஏதோ போகிற போக்கில் சொல்வதுபோல் சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். அகராதி இருந்த இடம் காலியாக இருந்தது.

என் வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நல்ல மனுஷர், ஆனால் கனமான புத்தகம் என்றால் அவருக்கு ஆடுகிற மேசைக்கு முட்டுக்கொடுக்கும் சாமான். ஏற்கெனவே இரண்டு புத்தகங்கள் அப்படிக் கட்டில் காலுக்கடியில் போயிருக்கின்றன.

"எங்க என் அகராதி?" என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களைத் தவிர இந்த வீட்ல வேற யார் இருக்கா?"

"நான் ஏன் அதை எடுக்கப் போறேன்? உன்கிட்டப் பேச எனக்கு நாலு சொல் போதுமே. சரி, ஆகட்டும், மன்னிச்சுக்கோ, சாப்பாடு இருக்கா."

நான் அப்போது சிரிக்கும் நிலையில் இல்லை. கட்டிலைத் தூக்கிப் பார்த்தேன், குளிர்பெட்டிக்கு அடியில் பார்த்தேன், அவர் பேருந்துக்குக் கொண்டுபோகும் பையைத் தலைகீழாகக் கொட்டினேன். அவர் என் பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவைத்தார். கீழ்வரிசைமேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வீட்டில் எதைக் காணவில்லை என்றாலும் முதலில் அவளைத்தான் நினைப்பேன். ஆனால் புத்தகம் என்றால் அவளுக்கு ஆகாது. ஒரு காகிதத்தைக்கூடப் படிக்காமல் மடித்துப் பல் குத்துகிற ஆள் அவள்.

என் போனுக்குப் பேச மட்டும்தான் தெரியும், அதில் தேட முடியாது. முதலாளியிடம் கேட்டிருக்கலாம். பக்கத்துத் தெருவில் நூலகம் இருக்கிறது. ஒன்றும் செய்யவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடுமே. இருநூற்றில் ஐந்துதானே கேட்பார்கள், இதுவா வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாளில் வேறு சொற்கள் வந்தன, நான் மறந்தேன். மறந்தேன் என்பதுகூடப் பொய். மறந்த மாதிரி இருந்தேன்.

தேர்வன்று அவள் விடுப்பு. அவசரமான செட் ஒன்று வந்ததால் கீழ்வரிசையையும் என்னையே செய்யச் சொன்னார் முதலாளி. அன்றைக்கு என் மெழுகுக் கத்தி வைத்த இடத்திலேயே இருந்தது. குடை கொக்கியில் தொங்கியது. ஸ்வெட்டர் நாற்காலியில் கிடந்தது. யாரும் எதையும் எடுக்கவில்லை. பதினெட்டு வருடமாக இப்படி ஒரு நாளுக்குத்தான் ஏங்கினேன் என்று நினைத்திருந்தேன். மேலும் கீழும் நானே செய்து கடிக்கவிட்டால், நீலம் எல்லாப் பல்லிலும் ஒட்டியது. சண்டை போட ஆள் இல்லாமல் எதைத் தேய்ப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து எல்லா நாளும் இப்படித்தான் இருக்குமோ என்று பயந்தேன்.

மூன்று மணிக்கு அவள் நேராகப் பட்டறைக்கு வந்தாள். நான் செய்த கீழ்வரிசையைக் கையில் எடுத்துப் பார்த்து, "என்ன, எதிரியோட வாய்க்குச் செஞ்சதா?" என்று கேட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கலைக்க ஆரம்பித்தாள்.

"எப்படி எழுதின?"

"எழுதினேன்."

"அஞ்சு சொல்லும் நாம பார்த்ததுதானே?"

"நாலு பார்த்தது. ஒண்ணு நாம கோடு போட்டது."

எது என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கோடு போட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்ன எழுதின அதுக்கு?"

அவள் மெழுகைச் சூடுபடுத்திக்கொண்டே சொன்னாள். "ஆறட்டும். சூட்டோட அச்சைத் திறந்தா பல்செட் கோணிக்கும். நீதான் எப்பவும் சொல்லுவ."

அது நான் சொல்வதுதான். மெழுகில் நட்ட பல்லை அச்சில் வைத்து வேகவைப்போம்; வெந்த அச்சு தானாகக் குளிரும்வரை திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் செய்த வேலை எல்லாம் பாழ். என் பாடத்தை எனக்கே திருப்பிச் சொல்லிவிட்டு அவள் வேலையில் இறங்கிவிட்டாள். அதற்குமேல் அவளிடமிருந்து ஒரு சொல் பிடுங்க முடியவில்லை.

முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்த மூன்று வாரமும் நான் தூங்கியது கம்மி, வீட்டுக்காரரைத் திட்டியது அதிகம். அகராதியை அவர் எடுக்காமல் இருந்திருந்தால் அன்றே அர்த்தம் பார்த்திருப்பேன், மறுநாளே சொல்லியிருப்பேன் என்று பழியை முழுக்க அவர் தலையில் போட்டேன். பாவம், அவர் தன் பங்குக்குப் பேருந்துப் பணிமனையில் இருந்தவர்களிடம் எல்லாம் விசாரித்துவிட்டு வந்தார்.

இரண்டாவது வாரம் அதற்குமேல் என்னால் உண்மையை மென்று விழுங்க முடியவில்லை. ஒரு மதியம் நீலக் காகிதத்தை வைத்துக் கடி பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், பல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அந்தச் சொல் வராதுன்னு சொன்னேன்ல. எனக்கு அதுக்கு அர்த்தம் தெரியல. தெரியலன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அதனால அப்படிச் சொல்லிட்டேன். உன் இடம் போச்சுன்னா அது என்னாலதான்."

அவள் காகிதத்தை உருவி எடுத்தாள்.

"இடது கடைவாய் இடிக்குது" என்றாள்.

"கேட்டியா நான் சொன்னதை?"

"கேட்டேன். உன் பல்லுதான் தொங்குது."

அன்றைக்கு நான் சண்டை போடவில்லை. என் பல்லை நானே தேய்த்தேன். அவள் அதைப் பார்த்துப் பதறிவிட்டாள். "என்ன உடம்புக்கு முடியலையா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

முடிவு வந்த நாள் ஒரு வியாழக்கிழமை. அவள் தேர்வு அலுவலகத்துக்குப் போய் மதிப்பெண் தாளை வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்குப் பட்டறைக்குள் வந்தாள். வெளியே மழை. அவள் கையில் இருந்த என் குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதை நான் காலையில் வீட்டிலேயே தேடிக் கிடைக்காமல் நனைந்து வந்திருந்தேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் தாளை என் முன்னால் வைத்தாள்.

மொழித்தாள்: முப்பத்தாறு. தேர்ச்சி.

முதலாளி கண்ணாடித் தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார், பிறகு என் கையையும் குலுக்கினார், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்பிரிட் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

நான் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"முப்பத்தஞ்சு வேணும்" என்றேன். "ஒரு சொல்லுக்கு ரெண்டு மார்க். அந்த ஒரு சொல் இல்லன்னா முப்பத்துநாலு."

"ம்."

"பேக்கிங் ரூம்."

"ம். இப்ப அச்சு ஆறிடுச்சு, திறக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தன் பையைத் திறந்தாள். நீல அட்டை போட்ட என் அகராதியை எடுத்து மேசையில் மெழுகுக்கும் பல் பெட்டிக்கும் நடுவே வைத்தாள்.

பிடுங்கிப் பார்த்தேன், என்னுடையதேதான்.

"நீயா? நீயா எடுத்த? ஒரு மாசமா அந்த மனுஷனை நான் உண்டு இல்லன்னு ஆக்கிட்டேன். அவர் பையைக் கொட்டினேன். மாமியார்வரைக்கும் இழுத்துத் திட்டினேன். திருடி, எப்ப எடுத்த?"

"கோடு போட்ட அன்னிக்குச் சாயங்காலம். நீ கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள."

"அன்னிக்கே உனக்கு எப்படித் தெரியும், எனக்குத் தெரியலன்னு?"

"நீ என் டீயைக் குடிச்ச" என்றாள்.

"என்ன?"

"வராதுன்னு சொல்லிட்டு என் டீயை எடுத்துக் குடிச்ச. உனக்கு ஒரு விஷயம் தெரியலன்னா என் டீதான் காலியாகும். பதினெட்டு வருஷமா அப்படித்தான். உன் டீ அங்க அப்படியே ஆடை கட்டிக் கிடந்துச்சு."

பதினெட்டு வருடமாக நான் யாரைத் திருடி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்? இப்போது அதை யோசிக்க நேரமில்லை.

"சரி, அந்தச் சொல்லுக்கு என்ன எழுதின? சொல்லு" என்றேன். "பல்லுதானே?"

"பல்லு இல்ல. எவ்வளவோ பார்த்தேன், பல்லுக்கு அது ஒட்டல." அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு, எழுதியதை எழுதியபடியே சொன்னாள்.

"என் தோழியின் அகராதியை நான் கேட்காமல் எடுத்தது திருட்டு அன்று, கெழுதகைமை."

எனக்குச் சொல்லின் அர்த்தம் அகராதியைத் திறக்காமலே தெரிந்துவிட்டது. கத்தி, குடை, ஸ்வெட்டர், இஸ்திரிப்பெட்டி, அவளிடம் இருக்கும் என் வீட்டுச் சாவி, நான் குடித்த அவள் டீ எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. நான் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அவள் என் தலைக்கடியிலிருந்து மெழுகுக் கத்தியை மெல்ல உருவினாள். என் கண்ணில் குத்திவிடும் என்று எடுத்தாள் என நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அதை வைத்துப் பல் நட ஆரம்பித்திருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் மேசையில் இருந்த அகராதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, ஆகட்டும்" என்றார். பிறகு, "சாப்பாடு இருக்கா?" என்றார்.

அவர் கைகழுவப் போனதும் அகராதியைத் திறந்தேன். பக்கத்தைத் தேடவேண்டிய வேலையே இருக்கவில்லை, அது தானாகவே அந்த இடத்தில் விரிந்தது. 'கெழுதகைமை: நெடுநாள் பழக்கத்தால் வரும் உரிமை.' அந்த வரிக்குப் பக்கத்தில், ஒரு கறைகூடப் படாமல் நாற்பது வருடம் நான் காப்பாற்றிய வெள்ளை ஓரத்தில், ஒரு கட்டைவிரல் ரேகை நீலமாகப் பதிந்திருந்தது. கடி பார்க்கிற காகிதத்தின் நீலம். கை கழுவாமல் எடுத்திருக்கிறாள், திருடி.

எங்கள் தொழிலில் நீலம் ஒட்டிய இடத்தை விட்டுவைக்க மாட்டோம், தேய்த்து எடுத்துவிடுவோம். அதன்மேல் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், தேய்க்கவில்லை. புத்தகத்தை மூடி அலமாரியில் அதே இடத்தில் வைத்தேன், அவள் கைக்கு எட்டுகிற தட்டில்.